பூ வரட்டும், பிறகு போடலாம்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகாத இலை உள்ளே போய்விட்டால் அதை வெளியே தள்ள அதற்கு வழியில்லை. பெயர் தெரியாத செடி எதையும் கூண்டுக்குள் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடி வாய்க்கால் கரையில், மழைக்குப் பிறகு ஒரு செடி மண்டியிருந்தது. எதிரெதிராக இலை, ஓரமெல்லாம் பல், தொட்டால் முடி. பூ இன்னும் வரவில்லை. அங்கே புல்லறுக்கும் அக்கா, "ஆடு நல்லாத் திங்குது தம்பி, முயலுக்கும் தாராளமாப் போடுங்க" என்றார். ஆட்டுக்கு அசைபோடும் வயிறு. அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் சில நஞ்சுகளை ஈரலுக்குப் போகும் முன்பே சிதைத்துவிடும். முயலுக்கு அப்படிப்பட்ட வயிறு இல்லையே!

கைபேசிச் செயலியோ படத்துக்குப் படம் வேறு பெயர் சொன்னது. கரையில் ஒரு ஓரத்தை அறுக்காமல் விடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டு, பூவுக்காகக் காத்திருந்தேன்.

பூத்ததும்தான் தெரிந்தது, அங்கே இருந்தவை இரண்டு செடிகள். ஒன்றில் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி பிளந்த வெளிறிய இதழ்கள். பிள்ளைகள் தலையைக் கிள்ளி விளையாடும் தாத்தாப்பூதான் அது. வெட்டுக்காயப் பூண்டு என்பதும் அதுவே, தாவரவியலில் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். மற்றது நிமிர்ந்து நின்று, சுற்றிதழ் இல்லாத இளஊதாப் பூக்களைக் கொத்தாக வைத்திருந்தது. கசக்கினால் கடும் வாடை. அது அஜெரட்டம் கோனிசாய்டிஸ்.

உறுதி செய்துகொள்ள, திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரக் காப்பகத்துக்குப் போனேன். தாளில் ஒட்டிய மாதிரிகளுக்குப் பக்கத்தில் என் கிளைகளை வைத்துப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. அங்கே நின்றபடி உலர்ந்த இலைகளை வெகுநேரம் பார்த்தேன். தாத்தாப்பூவின் இலை கூர்மையாக, ஆழமாக வெட்டுப்பட்டது. அஜெரட்டத்தின் பற்கள் மழுங்கியவை. பூ காட்டிக்கொடுத்த பிறகுதான் இந்த வேறுபாடு கண்ணில் படுகிறது.

இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. சூரியகாந்திக் குடும்பத்துப் பங்காளிகள். லின்னேயஸ் இரண்டுக்கும் 1753இல் ஒரே நூலில் பெயரிட்டார். குணத்தில்தான் எவ்வளவு தூரம்! தாத்தாப்பூவை நைஜீரியாவில் முயல் வளர்ப்பவர்கள் வழக்கமான பசுந்தீனியாகவே போடுகிறார்கள். அஜெரட்டத்தில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உண்டு. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் இதன் விதை தானியத்தில் கலந்து, ஊர்மக்களே ஈரல் நோயில் விழுந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது தாத்தாப்பூவைப் பூவோடு மட்டுமே பறிக்கிறேன், வயல் ஓரத்தில் பறிப்பதில்லை, களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். முதல் நாள் வழக்கமான புல்லோடு இரண்டு மூன்று இலை. மறுநாள் புழுக்கை கெட்டியாக விழுந்திருந்தால் இன்னும் கொஞ்சம்.