சோறில்லாத சாப்பாடு

தமிழ் நாட்டில் ஒருவன் காலையில் எட்டு இட்டிலியும், நடுப்பகலில் மூன்று தோசையும், அவற்றுக்குத் துணையாக இரண்டு டம்ளர் காப்பியும் உள்ளே செலுத்திவிட்டு, "இன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை" என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாம். கேட்பவரும், "ஐயோ பாவம்!" என்று இரங்குவார். சோறு உண்டால்தான் சாப்பாடு, மற்றவையெல்லாம் பலகாரம். ஏகாதசி விரதமென்று அரிசிச் சோற்றை விலக்கிவிட்டு ஒரு வாணலி ரவை உப்புமாவைத் தனியாகவே காலி செய்த புண்ணியவான்களை நான் நேரில் தரிசித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட நாட்டில் பிறந்து, ஐம்பத்தாறு வயது வரையில் மூன்று வேளையும் அரிசியின் ஏதேனும் ஓர் அவதாரத்தைச் சேவித்து வந்த நான், சோறு, இட்டிலி, தோசை, சர்க்கரை ஆகிய நால்வரையும் ஒரே நாளில் பிரிய நேர்ந்தது. நிறுவையில் ஏறியபோது அது 91 கிலோ என்றது. இரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.3 என்று வந்தது. 6.5 ஆனால் நீரிழிவு என்று பெயர் சூட்டிவிடுவார்களாம். "வாசற்படியில் நிற்கிறீர்கள்; உள்ளே வருவதும் திரும்பிப் போவதும் உங்கள் இஷ்டம்" என்றார் வைத்தியர். அந்த வீட்டின் உட்புறம் எனக்குத் தெரியும். என் தகப்பனார் பதினெட்டு வருஷம் அதில் குடியிருந்தார். முதலில் கால் விரல் இரண்டு போயின. பிறகு பார்வை மங்கிற்று. கடைசியில் சிறுநீரகம் நின்றது.

திரும்பிப் போவதென்று தீர்மானித்தேன். வழி காட்டுவதற்குப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. தமிழர்களிடையே இந்த மாவுச்சத்துக் குறைந்த பத்தியத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியாண்டர் செல்வன். 'பேலியோ டயட்' என்பது அவர் எழுதிய நூலின் பெயர். ஆதி மனிதன் விவசாயம் கற்பதற்கு முன் உண்டதை உண்ண வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாள் ஒன்றுக்கு 40 கிராம் அளவில் மாவுச்சத்தை நிறுத்திக் கொள்ளச் சொல்லுகிறார்கள். 100 கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதாவது, ஒரு கைப்பிடி அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. அதற்குமேல் வெறும் காற்றைத்தான் புசிக்க வேண்டும்.

"இதெல்லாம் நேற்று முளைத்த அமெரிக்கப் பைத்தியம்" என்று என் நண்பர் ஒருவர் அபிப்பிராயப்பட்டார். அமெரிக்க வைத்தியர் ஆட்கின்ஸ் 1972-ல் வெளியிட்ட புத்தகத்தை அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் விஷயம் அதைவிடப் பழையது. நம் புதுச்சேரிக்குக் கொஞ்சம் உறவும் உள்ளது! லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒரு பிரமுகர் இருந்தார். அரச குடும்பத்தாருக்கு ஈமச் சடங்கு ஏற்பாடுகள் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊராருக்கெல்லாம் சவப்பெட்டி செய்தவர், தம் சரீரம் பெருத்துப் போய், குனிந்து காலணியின் வாரைக் கட்ட முடியாமலும், மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கும்படியாகவும் ஆனார். 1862-ல் ஹார்வி என்ற காது வைத்தியர் அவருக்கு ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தினார். ஒரு வருஷத்தில் 202 பவுண்டிலிருந்து 156 பவுண்டுக்கு இறங்கினார் பான்டிங். அந்த அனுபவத்தை 1863-ல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். இன்றைக்கும் சுவீடன் தேசத்தார் பத்தியமிருப்பதைக் குறிக்க அவர் பெயரிலிருந்து வந்த 'பான்ட்டா' என்ற சொல்லைத்தான் வழங்குகிறார்கள்.

இந்த யோசனை ஹார்விக்கு எங்கே கிடைத்தது என்றால், பாரிஸ் மாநகரில்! ஈரலே சர்க்கரையை உற்பத்தி செய்கிறது என்று கண்டுபிடித்த கிளோத் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பிரசங்கங்களை அவர் அங்கே கேட்டிருந்தார். அதற்கும் முன்னால், 1825-லேயே, பிரியா-ஸவாரென் என்ற பிரெஞ்சுக்காரர் ருசியைப் பற்றி எழுதிய பெரிய நூலில், தொந்தியுள்ளவர்கள் மாவுப் பண்டங்களை விலக்க வேண்டுமென்று எழுதி வைத்துவிட்டார். அப்போது புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 நவம்பர் முதல் தேதி அந்தக் கொடி இறங்கிற்று. நீண்ட ரொட்டியை மட்டும் நமக்கு விட்டுச் சென்ற பிரெஞ்சுக்காரர்கள், அதைத் தின்னாதே என்ற உபதேசத்தைத் தங்களோடு கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது.

பத்தியம் தொடங்கிய முதல் வாரத்தில் என் சகதர்மிணி கடைக்குப் போய் வந்து கணக்குச் சொன்னாள். காலை ஆகாரத்துக்கு நூறு பாதாம் பருப்பு. அப்புறம் வெண்ணெய், பாலாடைக் கட்டி, ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்னும் வெண்ணெய்ப் பழம். "இதற்கு நீங்கள் குண்டாகவே இருந்துவிடலாம், அதுதான் சிக்கனம்" என்றாள். நம் நாட்டில் விற்கும் பாதாமில் பெரும் பகுதி கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. அந்நியத் துணியைக் கொளுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்நியப் பருப்பை எண்ணி எண்ணித் தின்பது எனக்கு அவ்வளவு உசிதமாகப் படவில்லை. மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் ஆகாரப் பரிசோதனை நடத்தியபோது வேர்க்கடலையை உண்டார். வேர்க்கடலை பருப்பு வர்க்கத்தைச் சேர்ந்தது, ஆதி மனிதன் அதை உண்ணவில்லை என்று பத்தியக்காரர்கள் தள்ளுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஆதி மனிதனைக் கைவிட்டுக் காந்தியின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மற்றவற்றைப் பெரிய மார்க்கெட் பார்த்துக் கொண்டது. நேரு வீதியிலுள்ள அந்த மார்க்கெட்டுக்குக் கூபேரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஜனங்கள் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்குள்ள மணிக்கூண்டையும் பூக்கடைகளையும் படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள். நான் அதே சந்துகளில் முப்பது வருஷமாகப் பையும் கையுமாக நடந்தும், காய்கறிப் பகுதியை இந்தப் பத்தியத்தின்போதுதான் ஊன்றிப் பார்த்தேன். முன்பெல்லாம் காய் என்பது சோற்றுக்குத் தொட்டுக் கொள்ளும் பொருள். கால் கிலோ கத்தரிக்காய் நாலு பேருக்குப் போதும். இப்போது காயே சாப்பாடு. புடலை, சுரை, பூசணி, வெண்டை, வாழைத்தண்டு, முருங்கைக் கீரை என்று பை நிறைய வாங்கியும் ஒருவனுக்குப் போதுவதில்லை. "வீட்டில் விசேஷமா?" என்று கேட்டார் காய்கறிக்காரர். "ஆமாம், விசேஷம் எனக்குத்தான்" என்றேன்.

கோலிப்பூவைத் துருவி ஆவியில் வேக வைத்துச் சோறு போலப் பரிமாறலாமென்று ஒரு யுக்தி சொல்லுகிறார்கள். செய்து பார்த்தோம். பார்வைக்குச் சோறேதான். வாயில் போட்டவுடன் கோலிப்பூ தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது. இல்லாதவரை இருப்பதாகப் பாவித்துக் கொண்டு விருந்துண்பதைவிட, இல்லையென்றே ஒப்புக்கொண்டு கீரைக் கூட்டைத் தின்பது மேல்.

முதல் வாரத்தில் இரண்டரைக் கிலோ இறங்கிற்று. ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கலாமென்று கிளம்பிய என்னை வைத்தியர் தடுத்துவிட்டார். அது பெரும்பாலும் தண்ணீராம். சரீரம் மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வரவு நின்றதும் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. அதனோடு உப்பும் போவதால் மூன்றாம் நாள் தலைவலியும் அசதியும் என்னை ஆட்டி வைத்தன. அவருடைய யோசனையின்படி எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடித்துச் சமாளித்தேன். முன்னமே நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக் கொள்ளுகிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். எனக்கு அதுவரை மருந்து ஏதும் இல்லாதது நல்லதாயிற்று.

பசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து நாளைக்குப் பிறகு அது வெகுவாக அடங்கிவிட்டது. முட்டையும் மீனும் காயும் தின்றால் மத்தியானம் மூன்று மணிக்குக் கொட்டாவி வரவில்லை. நாலு மணிக்குப் பஜ்ஜியின் ஞாபகமும் வரவில்லை. கஷ்டம் வயிற்றில் இல்லை, இலையில் இருந்தது.

என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. மகன் இலையில் சோறு விழாததை அவள் ஓர் அமங்கலமாகவே பாவித்தாள். "ஒரு வாய் போட்டுக்கொள்ளடா. ஒரு வாயில் என்ன வந்துவிடும்?" என்று தினமும் கேட்பாள். ஐந்தாவது மாதத்தில் தகப்பனாரின் திதி வந்தது. வடை, பாயசம், சோறு எல்லாம் படைத்தாயிற்று. நான் இலையில் உட்கார்ந்தேன். அன்னவெட்டியுடன் வந்த தாயார் சற்று நின்றாள்.

"உன் அப்பாவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னார். நானும் குறைத்துத்தான் போட்டேன். அவர் இலையையே பார்த்துக் கொண்டிருப்பார். இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார். அப்புறம் எனக்கு மனசு கேட்காது" என்றாள்.

அன்னவெட்டியில் இருந்ததில் முக்கால் பங்கைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டுவிட்டு, மிச்சத்தை என் இலையில் வைத்தாள். ஒரு பிடி இருக்கும். அதைச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை வற்புறுத்தியதில்லை. கீரையைத் தானே ஆய்ந்து வைக்கத் தொடங்கினாள்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வஞ்சிரம் வாங்கினேன். விலையைக் கேட்டால் மீனே கண்ணை மூடிக் கொள்ளும். பிறகு நெத்திலி, சங்கரா, கானாங்கெளுத்தி என்று இறங்கி, கடைசியில் கவலை மீனில் வந்து நின்றேன். தெற்கே சாளை என்றும், வேறிடங்களில் மத்தி என்றும் சொல்லுகிற மீன்தான் இது. மலிவான மீன்; ஆனால் இருதயத்துக்கு நல்லதென்று வைத்தியர்கள் புகழும் எண்ணெய்ச் சத்து வஞ்சிரத்தைவிட இதில் அதிகம். வாரத்துக்கு மூன்று தடவை கவலையைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டு போனவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மீன் பகுதியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளிடம் வாடிக்கை. ஒரு நாள் அவள் கவலையை ஆய்ந்துகொண்டே, "இன்னா ஐயா, இளைச்சுப் பூட்டீங்களே, உடம்புக்கு இன்னா?" என்று விசாரித்தாள். பத்தியத்தை விவரித்தேன். கத்தியை நிறுத்திவிட்டு அவள் சிரித்தாள்.

"நல்லா இருக்குது போங்க! நீங்க சோத்த உட்டுட்டு மீன் துன்றீங்க. நான் மீன வித்துட்டுச் சோறு துன்றேன்."

அவளுக்கும் சர்க்கரை உண்டாம். ஏழு வருஷமாக மாத்திரை. அதிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகுமுன் பழைய சோறு. மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் சோறு. "மிஞ்சுகிற மீனைக் குழம்பு வைக்கலாமே?" என்று கேட்டேன். "மிஞ்சினா ஐஸ்ல வெச்சு நாளைக்கு விக்கணும், ஐயா. கடன் வாங்கி எடுத்த மீனாச்சே" என்றாள். அரை கிலோ கவலைக்கு நான் கொடுத்த பணத்தை எண்ணி மடியில் முடிந்து கொண்டாள்.

அன்று முதல் இந்தப் பத்தியத்தைப் பற்றி நான் பிறரிடம் உபதேசம் செய்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. வயது வந்தவர்களில் நீரிழிவுள்ளவர்கள் கோவாவில் 26.4 விழுக்காடு, அடுத்தபடி நம் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. நாலு பேர் கூடினால் ஒருவருக்கு! அதே ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட மற்றொரு கணக்கின்படி, இந்தியர்கள் பெறும் உணவுச் சக்தியில் 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதைப் படித்துவிட்டு, "ஜனங்களுக்குப் புத்தியில்லை, சோற்றையே தின்கிறார்கள்" என்று பேசுவது சுலபம். அரிசிதான் மலிவு; முட்டையும் மீனும் பருப்பும் அப்படியல்ல. மீனவப் பெண்மணிக்கே மீன் கட்டுப்படியாகாத ஊரில், பேலியோ பத்தியம் சம்பளக்காரர்களின் சௌகரியமாகத்தான் நிற்கிறது. பழைய சோற்றில் பாதியைக் குறைத்து இரண்டு முட்டையை அவள் தட்டில் வைக்க எந்தச் சர்க்கார் வழி செய்கிறதோ, அந்தச் சர்க்காருக்கு என் வாக்கு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்தியம் ஒன்றே மோட்ச மார்க்கமென்று வாதிப்பவர்களோடு நான் சேரவில்லை. 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். முன்னவர்கள் சராசரி 6 கிலோவும் பின்னவர்கள் 5.3 கிலோவும் இளைத்தார்கள். அதைப் பெரிய வித்தியாசமென்று சொல்வதற்கில்லை என்பது அவர்கள் முடிவு. எது நமக்கு நீடித்துத் தாங்குமோ அதுவே பத்தியம்.

எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. 91 கிலோ 78 ஆகியிருக்கிறது, 6.3 என்றிருந்தது 5.7-க்கு வந்திருக்கிறது. ஆனால் எட்டாவது மாதத்தில் எல்.டி.எல். என்னும் கொழுப்பு ஏறிவிட்டதாகப் பரிசோதனை சொல்லிற்று. வைத்தியர் வெண்ணெயையும் நெய்யையும் கத்தரித்து, கவலையையும் கடலையையும் கூட்டினார். அதோடு மத்தியானத்தில் ஒரு சிறு கிண்ணம் சோற்றுக்கும் அனுமதி கொடுத்தார். வெண்கலக் கிண்ணம், என் பிள்ளைக்கு அன்னப்பிராசனம் செய்தபோது வாங்கியது. அதில் அளந்து போடும் அதிகாரத்தை என் தாயார் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கோபுரமாகக் குவித்துப் போடுகிறாள் என்பது என் சகதர்மிணியின் புகார். நான் இன்னும் விசாரிக்கவில்லை.