சாட்சிக் கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கடலூர் வீட்டுப் பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கினேன். ஓய்வூதியப் புத்தகம், என் பள்ளிக்கால ராங்க் கார்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கிரயப் பத்திரம். தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா, 1951-ஆம் வருஷம். புவனகிரிக்கு வடக்கே எங்கள் பூர்வீக ஊரில் நாற்பது குழி புன்செய்.

தாத்தா வாங்கிய நிலமோ என்று மனம் துள்ளியது. படித்துப் பார்த்தால் வாங்கியவர் வேறு யாரோ. விற்றவரும் அவர் மகன்கள் இருவரும் கைநாட்டு. முதல் சாட்சியும் கைநாட்டு. இரண்டாவது சாட்சியின் இடத்தில் மட்டும் மசியால் எழுதிய முழுப் பெயர். என் தாத்தாவின் பெயர். புள்ளிகள் ஒவ்வொன்றும் நிறுத்தி வைத்தவை. கடைசி எழுத்தான ‘லை’, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில், யானைத் துதிக்கை போல் மேலே சுருண்டிருந்தது.

அப்பாவும் அப்படித்தான் போடுவார். ராங்க் கார்டில் மற்ற அப்பாக்களெல்லாம் கிறுக்கித் தர, அவர் மட்டும் பேரை முழுசாக எழுதுவார். “கையெழுத்துன்னா அடுத்தவன் படிக்கணும்டா” என்பார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. தாத்தாவுக்கு யார்? சேரிப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணைகூட எட்டாத காலத்தில், நாள் முழுக்க அண்டை வெட்டி நாற்று சுமந்த மனிதருக்கு இந்த ‘லை’ எங்கிருந்து வந்தது?

பத்திரத்தை எடுத்துக்கொண்டு புவனகிரிக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய அத்தை அதை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நைனா, சாமி பள்ளிக்கூடத்துல படிச்சவரு கண்ணு. சிதம்பரத்துல, ஓமக்குளத்துக்கிட்ட. அஞ்சாவதோட தாத்தனுக்கு ஒடம்பு முடியாம போயி, ஏரு புடிக்க வந்துட்டாரு.”

சாமி என்று அத்தை சொன்னது சுவாமி சகஜானந்தரை. ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் முனுசாமியாகப் பிறந்தவர். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மாணவராகித் துறவு பூண்டு, 1910-இல் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீயில் இறங்கிய பிறகே கோயிலுக்குள் போக முடிந்தது என்று புராணம் சொல்லும் ஊர் அது. அந்த ஊரில், அந்த நந்தன் பெயரிலேயே 1916-இல் கல்விக் கழகம் கண்டு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். 1926-இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1959 மே 1 அன்று காலமாகும் வரை அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்.

மறுநாள் ஓமக்குளத்துக்குப் போனேன். நந்தனார் பள்ளி இன்று அரசு மேல்நிலைப் பள்ளி. மணி அடித்து, புத்தகப் பை குலுங்கப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். வெள்ளாற்றைக் கடந்து, கால்நடையாக இங்கே வந்து சேர்ந்த பத்து வயதுப் பையன் ஒருவனை அந்தக் கூட்டத்தில் தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எழுத்து வந்த வழி தெரிந்துவிட்டது. யாரோ வாங்கிய நிலத்தின் பத்திரம் எங்கள் பெட்டிக்கு வந்த வழி தெரியவில்லை. திரும்பவும் அத்தையிடமே போனேன்.

“கூர வூட்டுல பத்திரத்த எங்க வெக்கிறது? தீ புடிச்சா போச்சு, வெள்ளம் வந்தா போச்சு. தகரப் பெட்டி நம்ம வூட்லதான் இருந்துது. எல்லாரும் கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க. நைனா படிச்சுக் காட்டாம யாரும் கட்டவெரல மசியில வெக்க மாட்டாங்க. எத்தினி குழி, எத்தினி ரூவா, நாலு பக்கமும் யாரு நெலம், எல்லாத்தையும் சத்தமா படிப்பாரு. மொதல்ல பேசுனதுக்கும் எழுதுனதுக்கும் ஒரு எழுத்து மாறுனாலும் எழுந்துருவாரு. அப்பறம்தான் கையெழுத்து.”

தாத்தா தன் பெயரில் ஒரு குழி நிலம்கூட வாங்கவில்லை. ஐந்து வகுப்பில் கிடைத்த எழுத்தை ஊர்க்காரர்களின் கட்டைவிரலுக்குக் காவலாக நிறுத்தினார். மற்றவர்கள் தங்கள் பத்திரங்களை எப்போதோ வாங்கிப் போய்விட்டார்கள். வாங்க ஆள் வராத இந்த ஒன்றை, தாத்தாவுக்குப் பிறகு அப்பா வாடகைக்கு வீடு மாறும்போதெல்லாம் மஞ்சள் துணி மாற்றிச் சுமந்திருக்கிறார். அவர்கள் இருவரும் எனக்கு விட்டுப்போன சொத்து, அடுத்தவருடையதைப் பத்திரமாக வைத்திருக்கும் இந்தப் பழக்கம்தான்.

வாங்கியவரின் பேரன் அத்தை வீட்டுத் தெருவிலேயே இருக்கிறார். பட்டா எப்போதோ அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது, இந்தத் தாள் இல்லாமலும் அந்த நிலம் அவர்களுடையதுதான். ஆனாலும் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்பதாவது படிக்கும் மகளிடம் நீட்டினார்.

“சத்தமா படிம்மா.”

பழைய எழுத்தில் தட்டுத் தடுமாறி, எல்லைகளைக் கடந்து, சாட்சிகள் வரை வந்தவள் கடைசி எழுத்தில் நின்றாள். “இது என்ன எழுத்து மாமா?”

“லை” என்றேன். அவள் தாத்தாவின் பெயரை முழுசாகப் படித்தாள்.