கொடிமரத்தருகே கேட்ட தேவாரம்

தேவாரம் எங்களுக்குப் பாடநூல். எதுகை மோனைகளை எண்ணுவோம். பண்ணின் பெயரை நெட்டுருச் செய்வோம். அனைத்தையும் விடைத்தாளில் இறக்கிவைத்து இளைப்பாறுவோம். பாடுதற்கென்றே பிறந்த நூலை ஒருமுறையேனும் பாடக் கேளாது எழுத்தில் மட்டும் கண்டு கற்பது எத்தகைய கல்வி என்னும் ஐயம், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாள்முதலே எனக்குண்டு. ஆயினும் அது பாடப்பெறும் இடம் கோயில். யானோ கிறிஸ்தவன், அதிலும் சபை உபதேசியாரின் மகன். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மதிலையொட்டிச் சிறுவயதுமுதல் நடந்திருக்கின்றேன், வாயிலைக் கடந்ததில்லை.

சைவ நண்பரொருவர் ஒருநாள் மாலை வழிபாட்டிற்கு அழைத்தார். தகப்பனாரிடம் கூறாது செல்ல மனம் ஒப்பவில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "எதைக் கேட்கப் போகிறாய்?" என்றார். "தமிழை" என்றேன். "தமிழை மட்டுமா?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. "சரி, போய் வா" என்றவர் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அம்மா அடுக்களையைவிட்டு வெளியே வரவேயில்லை.

கொடிமரத்திற்கு அப்பால் பிற சமயத்தார் செல்லலாகாதென்பது தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். "உம் நெற்றியில் என்ன எழுதியா இருக்கிறது? பேசாமல் என்னுடன் வாரும்" என்றார் நண்பர். அவர் அன்பினாற் கூறினார். எனினும் பொய்வேடத்துடன் சந்நிதியில் நிற்பது அவர் இறைவனுக்கும் மரியாதையன்று, என் இறைவனுக்கும் உகந்ததன்று எனத் தோன்றிற்று. நின்றுகொண்டேன்; அவர் மட்டும் உள்ளே சென்றார்.

எம் ஆலயத்தில் ஆராதனைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. எல்லோரும் ஒருங்கே எழுவோம், ஒருங்கே அமர்வோம். இங்கோ வருவோர் வந்தவண்ணம், போவோர் போனவண்ணம் இருந்தனர். மூதாட்டி ஒருவர் பெரிய நந்தியின் முன் நின்று, அண்டை வீட்டாரிடம் குறை கூறுவார்போல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இஃதென்ன ஒழுங்கு என்று நினைத்தேன். அப்பொழுது மணி முழங்கிற்று. சிதறி நின்றோர் கைகளெல்லாம் ஒரே கணத்தில் தலைக்குமேல் உயர்ந்தன. என் கைகள் மட்டுமே கீழே இருந்தன. அந்தத் தனிமையை இன்னும் மறக்கவில்லை.

தீபாராதனைக்குப்பின் உள்ளிருந்து குரலொன்று எழுந்தது. மூன்றாந் திருமுறையில் இவ்வூருக்குரிய சம்பந்தர் பதிகம், சாதாரிப் பண். யான் நன்கு படித்ததுதான். ஆனால் அச்சில் சீர் பிரிந்து நின்ற இடத்தில் ஓதுவார் பிரிக்கவில்லை. யான் விரைந்து கடந்த சொல்லில் அவர் தங்கினார். பாட்டுதோறும் இறுதியில் ஊர்ப்பெயர் வந்தது. புகைவண்டி நிலையப் பலகையிலும் அஞ்சல் முத்திரையிலும் கண்டு சலித்த பெயர் அது.

வழிபாடு முடிந்து நண்பர் ஓதுவாரையே அழைத்து வந்துவிட்டார். முதியவர். நண்பர் நீட்டிய திருநீற்றை யான் கைகூப்பி மறுத்ததை அவரும் கண்டார், முகம் மாறவில்லை. "உங்கள் மார்க்கத்தில் தேவாரம் உண்டோ, தம்பி?" என்றார். உண்டு என்றேன். இம்மாவட்டத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியிற் பிறந்து, பின்னர்க் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிக் கூறினேன். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்ததையும், அதனிடையே தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாக்கள் வருவதையும் சொன்னேன். ஒன்றைப் பாடும்படி கேட்டார். எம் ஆலயத்து மெட்டிற் பாடினேன், மிகவும் தாழ்ந்த குரலில். அவர் கண்மூடிக் கேட்டு, "யாப்பு நன்றாயிருக்கிறது, என்ன பண்?" என்றார். எவரும் எமக்குப் பண் கற்பிக்கவில்லை என்றேன். அவர் அதன் முதலடியைத் தமக்குள் இருமுறை முணுமுணுத்துப் பார்த்தார்.

வீடு திரும்பியதும் நடந்தனைத்தையும் தகப்பனாரிடம் உரைத்தேன். திருநீற்றைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓதுவார் எந்தப் பாட்டைக் கேட்டார் என்றே கேட்டார். மறுநாள் அப்பாட்டை முழுதும் பெயர்த்தெழுதி நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். கிழவருக்குப் பார்வை குன்றியிருக்குமென்று எழுத்துக்களைப் பெரிதாக எழுதச் சொன்னவர் தகப்பனாரே.