தனிப் பானை எதற்கு?

பிற நோய்கள் மனிதனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றன. நீரிழிவோ அவனை அடுக்களைக்குத் திருப்பி அனுப்புகிறது. மருத்துவரை நாம் எப்போதோ ஒரு நாள் காண்கிறோம். சோற்றுப் பானையையோ நாள்தோறும் மூன்று வேளை சந்திக்கிறோம்.

வடசென்னைக்கு இந்நோயுடனான போராட்டம் புதிதன்று. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். ஆயினும் நோய் பெருகியே வந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது.

மாத்தூரில் எங்கள் வீட்டிலும் அவர்களுள் ஒருவர் இருந்தார். மணலி ஆலையொன்றில் இரவும் பகலும் மாறிமாறிப் பணிசெய்த என் தந்தையார் அவர். நோய் தெரிந்ததும் அவருக்கெனத் தனிச் சமையல் தொடங்கியது. நாங்கள் மீன்குழம்பும் சோறும் உண்கையில், அவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு மௌனமாய் அமர்ந்திருப்பார். சொந்த வீட்டிலேயே அயலார்போல ஆனார். பசி தீராமல் மாலையில் தேநீர்க்கடை பஜ்ஜியை நாடினார்.

ஒரு நாள் அம்மா அந்தத் தனிச் சமையலை நிறுத்திவிட்டார். அனைவர் தட்டிலும் பாதி இடம் கீரைக்கும் காய்க்கும். கால் பங்கு பருப்புக்கோ காசிமேட்டு மத்திக்கோ. எஞ்சிய கால் பங்கே சோற்றுக்கு. அப்பாவின் முகம் மலர்ந்தது. சர்க்கரை அளவும் மெல்ல இறங்கியது.

அம்மாவின் செயலில் அன்போடு அறிவும் இருந்தது. நீரிழிவுள்ளோரின் பிள்ளைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. உணவிலும் நடைப்பயிற்சியிலும் ஒழுங்கு பேணியோரிடையே நோய் வருவது கால் பங்குக்கும் மேலாகக் குறைந்ததை அது காட்டியது. நோயாளிக்கு ஏற்ற உணவு பிள்ளைகளுக்கும் அரணாகும் என்பதே இதன் பொருள்.

சோற்றை விடுத்துச் சப்பாத்தி உண்டால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். எண்ணிக்கை மிகுந்தால் கோதுமையும் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேரும். கேழ்வரகு நல்லதே, எனினும் மாவாக்கிக் கஞ்சியாய்க் காய்ச்சிக் குடித்தால் விரைந்து செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். எதை உண்கிறோம் என்பதோடு, எவ்வளவு, எவ்வடிவில் என்பதும் நம் கவனத்திற்குரியவை.

தவக்காலத்திலும் எச்சரிக்கை தேவை. இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் வேளை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழக்கூடும். உண்ணா நோன்புக் கடமை நோயாளரைக் கட்டுப்படுத்துவதில்லை. இரண்டாம் முறை சோறு வேண்டாமென அவர் கைகாட்டித் தடுப்பதும் நோன்புதானே?

ஆனால் அக்கையைத் தட்டிவிட்டு, "ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று பாயசம் ஊற்றுவதை நாம் உபசரிப்பு என்கிறோம். அன்றாட உணவுக்காக இறைவனை வேண்டும் நாம், அவ்வுணவு அருகிருப்பவருக்கு நலமாக அமையவும் பொறுப்புடையோம். நம் இல்லப் பந்தியில் எவரும் தனித்து உண்ணாதிருக்கட்டும்.