தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று சோதிக்க வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. உதவிக்கு வந்த பையனிடம் அளவு நாடாவின் ஒரு முனையைக் கொடுத்துத் தெருவில் நிற்க வைத்துவிட்டு, மறுமுனையோடு திண்ணையில் ஏறினார். ஏறினார் என்பது பழக்கத்தில் வந்த சொல். உண்மையில் இறங்கினார். திருவல்லிக்கேணியின் பழைய தெருக்களில் மூன்று நான்கு படி ஏறித்தான் ஒரு காலத்தில் வீட்டுக்குள் போக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டுப் போட்டு, படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. இந்த வீட்டின் கூடம் இப்போது தெருவைவிட அரை அடி பள்ளத்தில் இருக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.

வீட்டில் எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவர். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் ஊசிமருந்து நிரப்பும் அறையின் காற்றைச் சோதிப்பதுதான் அவருடைய முதல் வேலை. இப்போது ஒரு சிறிய ஆய்வகத்தில் இருக்கிறார். மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டர்களின் காற்றும் உணவகங்களின் தண்ணீரும்தான் அந்த ஆய்வகத்துக்குச் சோறு போடுகின்றன. வீடுகளுக்கு அழைப்பு வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை விட்டதும் சுவர் பேச ஆரம்பிக்கும் என்றார்.

கூட வந்த இன்னொருவர் கொத்து மேஸ்திரி. வயது எழுபதைத் தொடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறைக்காரர். மேடம் வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அவரையும் அழைத்துக்கொள்வாராம். இந்த ஜோடியைப் பார்க்கத்தான் நான் போனேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பேத்திக்கு ஆறு வயது. மழைக்காலம் வந்தால் இரவெல்லாம் வீசிங். வீட்டில் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு கம்பெனி ஆள் வந்து, வீடு முழுக்க ரசாயனப் பூச்சு அடிக்க வேண்டும் என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காசைப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார் வீட்டுக்காரர். வங்கியில் இருந்தவர் அல்லவா!

"இதோ பாருங்க மேடம், பூஞ்சை" என்று கூடத்துச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல் பூத்திருந்தது. மேடம் பையிலிருந்து தண்ணீர்க் குப்பியை எடுத்து இரண்டு முறை அடித்தார். வெள்ளை கரைந்து காணாமல் போனது.

"இது பூஞ்சை இல்ல சார், உப்பு. பூஞ்சை தண்ணில கரையாது."

மண்ணிலிருந்து ஓதம் ஏறும்போது மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாகப் பெருத்துப் பூச்சைத் தள்ளும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண் செலவு. அந்தக் கம்பெனி எஸ்டிமேட்டில் பாதிக்கு மேல் இந்தச் சுவருக்குத்தான்.

ஈரமானி என்று கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது. இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினால் அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து ஈரத்தைச் சொல்லும். பையன் அதைக் கூடத்துச் சுவரில் குத்தியதும் அலறியது. மேடம் அந்த எண்ணை எழுதிக்கொள்ளவே இல்லை. அது மரத்துக்கென்று அளவு வைத்த கருவி. உப்பு ஏறிய சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் மின்சாரம் ஓடும், கருவி பொய் சொல்லும். கம்பெனி ஆள் இதே கருவியைக் குத்திக் காட்டித்தான் வீட்டுக்காரரைப் பயமுறுத்தியிருக்கிறார்.

மெய்யான அளவு வேண்டுமென்றால் வேறு வழி. துளைபோடும் கருவியால் சுவரில் வெவ்வேறு உயரங்களில் ஓட்டை போட்டு, உள்ளிருந்து வரும் தூளைச் சேகரித்து, எடை போட்டு, கால்சியம் கார்பைடோடு ஒரு மூடிய இரும்புக் குடுவையில் போட்டுக் குலுக்குகிறார்கள். வெல்டிங் பட்டறைகளில் வாயு எடுக்கப் பயன்படும் அதே கார்பைடுதான். தூளில் இருக்கும் நீரோடு அது சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். குடுவையின் முகப்பில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அதிலிருந்து நீரின் சதவீதம் தெரிந்துவிடும். தரைக்கு அருகே எடுத்த தூளில் முள் சரசரவென்று ஏறியது. மேலே போகப் போகக் குறைந்து, தோள் உயரத்தில் எடுத்த தூளுக்கு அசையவே மறுத்தது. கீழிருந்து ஏறும் ஓதம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மேஸ்திரி அதற்குள் கரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் வெற்றுச் சத்தம் கேட்டது. "சிமெண்டு சார். உள்ள சுண்ணாம்புக் கட்டு. மேல யாரோ சிமெண்டு பூசி, பட்டி பாத்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சிருக்காங்க. சுவரு மூச்சு விட முடியல. நாலடிக்கு சிமெண்டு பூசுனா ஓதம் அஞ்சாவது அடில எட்டிப் பாக்கும்." பத்து வருடத்துக்கு முன் மகன் கல்யாணத்துக்குச் செய்த வேலை என்றார் வீட்டுக்காரர்.

மாடிக்கும் போனோம். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்தி நிறுத்தி, செங்கல் ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதித்தது. இங்கே ஈரமானிக்கு மரியாதை உண்டு. கட்டை சுவருக்குள் நுழையும் முனையில்தான் குத்திப் பார்க்க வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் இற்றுப்போக வைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். கட்டைகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. மேஸ்திரிக்கு அதில் சொந்தக்காரரைப் போலச் சந்தோஷம்.

உண்மையான பூஞ்சை சாமான் அறையில் இருந்தது. கதவைத் திறந்ததுமே மக்கல் வாடை. மூக்குதான் முதல் மீட்டர் என்று சொன்ன மேடம், அடுத்த நொடியே என்95 முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். எங்களுக்கும் கொடுத்தார். பீரோவை நகர்த்தினால், பின்னாலிருந்த சுவரில் ஆள் உயரத்துக்குக் கரும்பச்சைப் புள்ளிகள் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தன. பீரோவின் முதுகிலும் இருந்தன. தரையோரம் சுவர் சுத்தமாக இருந்தது. உப்பு இல்லை. கூரையிலும் கறை இல்லை. குழாய் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. கீழேயிருந்தும் வரவில்லை, மேலேயிருந்தும் வரவில்லை என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மேடம் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன?"

படுக்கையறை. ஏசி. இரவு முழுக்க 18 டிகிரி. நடுவில் இருப்பது பிற்காலத்தில் அறையைப் பிரிக்க எழுப்பிய நாலரை அங்குலச் சுவர்.

அகச்சிவப்பு வெப்பமானியைப் பீரோவுக்குப் பின்னால் நீட்டினார். சுவர் 25 டிகிரி காட்டியது. சாமான் அறையின் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தன்னிடமுள்ள நீரைக் கக்கிவிடும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலச் சுவர் வியர்க்கிறது, பீரோ காற்றோட்டத்தை மறித்துக்கொண்டு அதைக் காயவிடாமல் செய்கிறது. பூஞ்சைக்குச் சொட்டச் சொட்டத் தண்ணீர் வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தில் நின்றாலே போதும். தின்பதற்குப் பெயின்டில் சேர்க்கும் செல்லுலோஸ் பசையும் படிந்த தூசியும் இருக்கின்றன. ஏசி ஓடும் அறையில் ஒரு புள்ளி இல்லை, பக்கத்து அறையில் காடு. வீட்டுக்காரர் நம்பவில்லை. அவர் மருமகள் உடனே நம்பினார். குழந்தையின் போர்வைகளும் ஸ்வெட்டர்களும் இருப்பது அந்தப் பீரோவில்தான்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எதற்குச் சோதனை? இதை மேடமே கேட்டார். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்குப் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. எந்தப் பூஞ்சையானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: ஈரத்தை நிறுத்து, துடைத்து எடு. ஆனால் குழந்தை தூங்கும் அறையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, டாக்டரும் கேட்டிருக்கிறார். அதனால் காற்றைச் சோதிக்கும் தட்டுகள் வைக்கலாம் என்றார். அறைக்கு ஒன்று என்று வீடு முழுக்க வைக்கச் சொன்னார் வீட்டுக்காரர். மூன்று போதும் என்று சொல்லிவிட்டார் மேடம். தட்டுக் கணக்கில் பில் போடும் தொழிலில், தட்டைக் குறைக்கும் ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

புள்ளிகளின் மேல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பதித்தார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து வந்த பெட்ரி தட்டுகளில் பூஞ்சை வளரும் கூழும், பாக்டீரியா முந்திக்கொள்ளாமல் இருக்க குளோராம்பெனிக்காலும் இருந்தன. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தூரம், ஒரு மணி நேரம் திறப்பு: இது தொழிலில் உள்ள கணக்கு. சாமான் அறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மூன்றாவது வெளியே மொட்டை மாடியில். இந்த மூன்றாவதுதான் முக்கியம். பூஞ்சை விதை இல்லாத காற்று சென்னையில் எங்கும் கிடையாது. இணையத்தில் விற்கும் வீட்டுச் சோதனைத் தட்டை எந்த வீட்டில் திறந்து வைத்தாலும் ஏதாவது முளைக்கும், பயமும் முளைக்கும். வெளிக்காற்றோடு ஒப்பிடாத எண்ணுக்கு அர்த்தமில்லை. இத்தனைக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று ஓர் எல்லை எண்ணை உலக சுகாதார நிறுவனமும் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தரவில்லை. ஈரத்தையே தடுக்கச் சொன்னது.

அந்த ஒரு மணி நேரமும் அறைகளில் யாரும் நடமாடக் கூடாது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தோம். மேஸ்திரி சுண்ணாம்பைப் பற்றிப் பேசினார். நீர்த்துப்போட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது, செக்கில் அரைப்பது. மழை முடிந்து பொங்கலுக்கு முன்னால் வருஷம் தவறாமல் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் இல்லை என்றார். அதில் அறிவியல் உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை பிழைக்காது. மாதங்கள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைத் தின்றுவிடும், மறுபடி அடிக்க வேண்டும். இதற்காகச் சுண்ணாம்பைத் தெய்வமாக்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். சாமான் அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலும், ஏசி 18இல் ஓடினால் அடுத்த கார்த்திகைக்குள் பூஞ்சை திரும்பி வரும்.

சில நாள் கழித்து ஆய்வகத்துக்குப் போனேன். மொட்டை மாடித் தட்டில் பெரும்பாலும் ஆலிவ் நிறத்தில் கிளாடோஸ்போரியம். எந்த ஊர் வெளிக்காற்றிலும் இருப்பது. படுக்கையறைத் தட்டு ஏறக்குறைய அதே போல். சாமான் அறைத் தட்டில் நடுவே இடமே இல்லை. மிளகுப்பொடி தூவியது போன்ற கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ், நீலப்பச்சைப் பெனிசிலியம். செல்லோடேப்பில் சிக்கியதும் அவையே. நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், காம்பின் நுனியில் உருண்டைத் தலை, அதைச் சுற்றிச் சரம் சரமாக விதைகள். ஒரு தும்மலுக்குக் கலைந்துவிடும் போல இருந்தது.

மேலைநாட்டுச் செய்தித்தாள்கள் பயமுறுத்தும் 'கரும்பூஞ்சை', அதாவது ஸ்டாக்கிபோட்ரிஸ், அதில் இல்லை. நனைந்த காகிதமும் ஜிப்சம் பலகையும் அதற்கு உகந்த தீனி. செங்கல்லும் சுண்ணாம்பும் ஒத்துவராது. 1990களில் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகளின் நுரையீரலில் இரத்தம் கசிந்ததற்கு இந்தப் பூஞ்சையைக் காரணம் காட்டினார்கள். அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது. பயம் மட்டும் அடங்கவில்லை, சந்தை பெருகியது. அதேசமயம் பூஞ்சையைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. இங்கிலாந்தின் ராச்டேலில் பூஞ்சை படிந்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சையே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது.

மேடம் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம். ஏசியை 26இல் வையுங்கள். (2020 முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. நாம்தான் இறக்குகிறோம்.) பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் முகக்கவசம் போட்டுத் துடைத்து எடுங்கள். மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது, செத்த விதையும் ஒவ்வாமை தரும். துணிகளைத் துவைத்து வெயிலில் போடுங்கள். கூடத்துக்கு மேஸ்திரி சொன்னது: சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைச் சும்மா காயவிட வேண்டும், வாசலில் மழைத்தண்ணீர் திரும்பிப் போக வடிகால் போட வேண்டும், பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பொதுக் கணக்கு. பதினான்கு அங்குலச் சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேலே ஆகும். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. பொறுமையை யாரும் எஸ்டிமேட்டில் போடுவதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் 2016 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு வீட்டில் பூஞ்சையைச் சோதிப்பவரே அந்த வீட்டில் அதை நீக்கும் வேலையையும் எடுக்கக் கூடாது. நம் ஊரில் இப்படிப் பிரித்து வைப்பதில்லை. ஆகவே பிரித்து வைக்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். சுவர் பார்க்க வருகிறவரிடம், பூச்சும் நீங்கள்தான் அடிப்பீர்களா என்று வாசலிலேயே கேளுங்கள். ஆமாம் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.