நடுவில் ஒலிக்கும் வாத்தியம்

லண்டனில் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் நேரே கடைகளுக்குள் நுழைந்துவிடுவார்கள். நீங்கள் போனால், கொஞ்சம் வடக்கே நடந்து லாங்கம் பிளேஸையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஊசிக் கோபுரத்தோடு ஆல் சோல்ஸ் தேவாலயம், அதை ஒட்டி பி.பி.சி. கட்டடம். இந்தப் பக்கம் உயரமாக ஓர் ஓட்டல் நிற்கிறதே, அங்கேதான் குவீன்ஸ் ஹால் என்ற சங்கீத மண்டபம் இருந்தது. 1941 மே 10-ந் தேதி இரவு ஜெர்மானியர் குண்டு வீச்சில் எரிந்துபோயிற்று.

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1913-ல் அந்த மண்டபத்து ஆர்கெஸ்ட்ராவில் ஹென்றி உட் என்பவர் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். ஆண்களே நிறைந்திருந்த மேடையில் அது பெரிய புதுமை. அந்த அறுவரில் ஒருவர் ரெபேக்கா கிளார்க், வயோலா வாசித்தவர்.

வயோலா, வயலினுக்கு அக்கா மாதிரி. உருவம் பெரிசு, குரல் கனம். வயலின் மேலே பாடும், செல்லோ கீழே முழங்கும். வயோலா நடுவில் இருந்து இரண்டையும் சேர்த்து வைக்கும். தனியாக நம் காதில் விழாது. நிறுத்திவிட்டாலோ பாட்டே வெறிச்சென்று ஆகிவிடும். வீட்டில் நம் வேலையும் அப்படித்தானே! கனமான வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்து வாசிப்பதால் கழுத்துவலி, தோள்வலியும் இவர்களுக்கு சகஜமாம்.

ரெபேக்கா 1886-ல் பிறந்தவர். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தபோது, நடுவில் உட்கார்ந்தால்தான் இசையின் கட்டுமானம் புரியும் என்று ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டு அவரை வயோலாவுக்கு மாற்றினார். 1910-ல் அப்பாவின் தகாத உறவுகளைத் தட்டிக் கேட்டதற்கு வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார். கையில் காசில்லை, படிப்பும் நின்றது. அந்த வயோலாதான் சோறு போட்டது.

1919-ல் அமெரிக்காவில் பெயர் மறைத்து நடந்த போட்டிக்கு ஒரு வயோலா சொனாட்டா எழுதி அனுப்பினார். எழுபதுக்கும் மேற்பட்ட படைப்புகளில் அவருடையதும் எர்னஸ்ட் பிளாக் எழுதியதும் சரிசமமாக நின்றன. கடைசியில் பரிசு பிளாக்குக்குப் போயிற்று. இவ்வளவு நன்றாக ஒரு பெண் எழுதியிருப்பாளா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இன்றைக்கு அதை வாசிக்காத வயோலாக்காரர் அபூர்வம். 1979-ல் நியூயார்க்கில், 93-வது வயதில் ரெபேக்கா காலமானார்.

குவீன்ஸ் ஹாலில் நடந்துவந்த பிராம்ஸ் கச்சேரிகள் 1941-லேயே ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறிவிட்டன. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ரெபேக்கா படித்த காலேஜும் அதன் பின்னாலேயே இருக்கிறது. கோடைக் கச்சேரிகளின்போது மேடையில் ஹென்றி உட்டின் வெண்கலச் சிலையை வைக்கிறார்கள். எரிந்த மண்டபத்து இடிபாடுகளிலிருந்து மீட்டது அது. நின்றுகொண்டே கேட்கலாம் என்றால் டிக்கெட்டும் மலிவுதான். சிலையைப் பார்த்த கையோடு வயோலா வரிசையையும் பாருங்கள். அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்!