கடைசி வரிசைக் குரல்

எங்கள் கிளைப்பங்கின் சிற்றாலயம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே, சரக்கு லாரிகள் ஓயாமல் போய்வரும் ஒரு சாலையோரத்தில் இருக்கிறது. கல்நார்த் தகட்டுக் கூரை. நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும். அங்கே பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு பதினோர் ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. குழுவில் பாதிப்பேர் வெளியூர்ப் பிள்ளைகள்; தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடலோரங்களிலிருந்து கைப்பேசித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். ஷிப்டு மாறினால் எங்கள் குழுவின் குரலே மாறிவிடும்.

சென்ற தவக்காலத்தில் அவர்களுள் ஒரு பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "வாய்க்குள்ளேயே பாடுகிறாயே, கடைசி வரிசையில் நின்றால் எனக்குத் தெரியாது என்ற நினைப்பா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் முதல் பயிற்சிக்கு வரவில்லை. இரவு ஷிப்டு என்றார்கள். நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அந்நாட்களில் எல்லாருமே என்னிடமிருந்து சற்று விலகி நின்று பேசுவதுபோலத் தோன்றியது. வீட்டில் மகள் காசு என்று சொன்னால் எனக்குக் காது என்று கேட்டது. மனைவி அடுக்களையிலிருந்து பேசினால் அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. வயதாக ஆக மனிதர்கள் நம்மை ஒதுக்குவது இயல்புதானே என்று எனக்கு நானே ஒரு சோகத்தையும் கற்பித்துக்கொண்டிருந்தேன். மகள்தான் கட்டாயப்படுத்திச் செவித்திறன் சோதனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் காட்டிய வரைபடத்தில் கோடு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் அருகில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கி, பிறகு சிறிது ஏறியது. "எந்த வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த வட்டாரத்தின் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தகடு வெட்டி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இத்தகைய தொழிற்கூடங்கள் இப்பகுதியில் பெருகின. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று வரம்பு உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்திருந்தது. எங்கள் இயந்திரங்கள் அட்டவணையைப் படித்ததில்லை. காதடைப்பான் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மாட்டினால் பக்கத்தில் நிற்பவன் கூப்பிடுவது கேட்காது என்று பாதி நாள் சட்டைப்பையில் வைத்திருந்தவன் நான்தான். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். மகள் தன் இயர்போனை என் காதில் பொருத்தி, கைப்பேசியில் பத்துப் பட்டைகள் கொண்ட ஒரு சமன்படுத்தியைத் திறந்தாள். 31 ஹெர்ட்ஸில் தொடங்கி 16,000 வரை ஒவ்வொரு பட்டையையும் ஏற்றலாம், இறக்கலாம். அவள் போட்டது, சென்ற கிறிஸ்து பிறப்புக் காலத்தில் சென்னையில் உயர்ந்த கூரையுள்ள ஒரு பெரிய கோவிலில் எங்கள் குழு பாடியதன் ஒலிப்பதிவு. முதலில் கேட்டபோது எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிய படம்போல் இருந்தது. ஆர்மோனியமும் ஆண் குரலும் முன்னால், மற்றவை எங்கோ ஒரு திரைக்குப் பின்னால். அவள் 125, 250 என்ற பட்டைகளைச் சற்றே இறக்கினாள், மூட்டம் விலகியது. 2000, 4000 ஆகியவற்றை மெதுவாக ஏற்றினாள். பெண் குரல்கள் ஓரடி முன்வந்தன. 8000ஐத் தொட்டதும், பாடல் முடிந்த பிறகும் கூரையில் தங்கி மெல்ல அடங்கிய எதிரொலி கேட்டது. அதற்குப் பிறகுதான் கோவில் கோவிலாயிற்று: யார் முன்னால், யார் பின்னால், சுவர் எவ்வளவு தொலைவு என்பது தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு குரல் தெளிவாக, அச்சமின்றிப் பாடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று மகளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணை மூடியவுடன் மனத்துள் விரியும் அந்த இடத்தை இசை ஆர்வலர்கள் ஒலி அரங்கு என்கிறார்கள். அதன் ஆழம் எங்கிருந்து வருகிறது? அருகில் விழும் இடி பிளந்துகொண்டு விழுகிறது. தொலைவிலுள்ள இடி உருளுகிறது. திருவிழாத் தவிலை இரண்டு கல் தொலைவிலிருந்து கேட்டால் தொப்பியின் "தும்" வந்து சேரும். வலந்தலையின் கூர்மை வழியிலேயே கரைந்துவிடும். உயர் அதிர்வெண்களைக் காற்று விழுங்கிவிடுகிறது. எனவே கூர்மை குறைந்த ஒலியைத் தொலைவிலுள்ளது என்று மனம் படித்துக்கொள்கிறது. காற்று செய்த வேலையா, பிரஸ் ஷாப் செய்த வேலையா என்று அதற்குத் தெரியாது. என் வீட்டார் விலகிப் போனதன் காரணம் இவ்வளவுதான்.

இயர்போன்களை வடிவமைப்போருக்கும் இதுவே சிக்கல். காதுத் துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் மூடப்பட்ட குழாய். புல்லாங்குழலைப்போல் அதற்கும் ஒரு சுருதி உண்டு. 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது இயல்பாகவே பெருக்கித் தருகிறது. இயர்போன் அத்துளையை அடைத்துக்கொள்வதால் அந்த மேட்டை அதன் ஒலியிலேயே அமைத்துத் தரவேண்டும். மேடு குறைந்தால் பாடகர் பின்னுக்குப் போவார். மிகுந்தால் நம் நெற்றியில் வந்து உட்காருவார். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012 தொடங்கி வெளியிட்ட ஆய்வுகள், கேட்போர் விரும்பும் மேடுபள்ளம் எது என்பதைப் பலரையும் கேட்கவைத்துத் தேடியவை. கடைகளில் குவிந்துகிடக்கும் இயர்போன்கள் பலவும் அடித்தொனியை உப்பவைத்து இதைக் கெடுக்கின்றன என்பது என் கருத்து. குத்துப்பாட்டுக்கு அது போதும், நான்கு குரல் பாடலுக்குப் போதாது.

அதற்காகப் பட்டைகள் ஆழத்தைப் படைக்கின்றன என்று எண்ணிவிடக்கூடாது. எங்கள் சிற்றாலயத்தில் எடுத்த பதிவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினோம். கல்நார்க் கூரை பெருங்கோவிலாகவில்லை. பதிவில் எதிரொலி இருந்தால்தான் அதை வெளிக்கொணர முடியும். மேலும் இயர்போனில் அரங்கு பெரும்பாலும் தலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தலையைத் திருப்பினாலும் அது கூடவே திரும்புகிறது.

1969இல் யென்ஸ் பிளாவர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு விந்தையைக் கண்டு எழுதினார். குறுகிய பட்டையுள்ள ஓர் ஒலியை முன்னாலிருந்து எழுப்பினாலும் பின்னாலிருந்து எழுப்பினாலும், 1000 ஹெர்ட்ஸ் அருகில் இருந்தால் கேட்பவர் பின்னால் என்பார். 8000 அருகில் என்றால் தலைக்கு மேலே என்பார். ஒலிபெருக்கி இருந்த இடத்தை விட அதிர்வெண்ணே அவர்களை முடிவு செய்யவைத்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிறுவன் சாமுவேலின் நினைவு வந்தது. குரல் தெளிவாகவே கேட்டது. ஆனால் மும்முறையும் அவன் ஏலியிடம் ஓடினான். ஏலிக்கும் அது உடனே விளங்கிவிடவில்லை. முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் மூன்றாம் முறையாவது புரிந்துகொண்டாரே என்பது இப்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சென்ற ஞாயிறு மாலை வல்லம் வடகாலுக்குப் போனேன். 2024இல் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு அங்கே இருக்கிறது. கம்பெனி பஸ்கள் வந்து திரும்பும் நேரம். அவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள். நான் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் வாயில் வரவில்லை. "தப்பு என் காதில்தானம்மா, உன் குரலில் இல்லை. எல்லார் முன்னாலும் திட்டினேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன்" என்றேன். இயர்போனை நீட்டினேன். மதிலோரமாய் நின்று, ஒன்றை அவள் காதிலும் மற்றதை என் காதிலும் வைத்துக்கொண்டு கேட்டோம். பாதியில் அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"மாஸ்டர், ரெண்டாவது சரணத்துல நான் சுருதி விட்டிருக்கேன்."

எனக்கு அது கேட்கவில்லை. பின்னுக்குத் தள்ளி மறுபடியும் போடச் சொன்னேன்.